பாஸ் மார்க் அளவுக்குப் பாதுகாப்பு

அன்புள்ள ராஜாவுக்கு,

இதை எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். வாரத்தில் மூன்று நாள் திருப்பதியில் நேரில் பார்த்துக்கொள்கிறோம், மற்ற நாட்களில் போனில் பேசுகிறோம், அப்புறம் எதற்கு இந்த அம்மா பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறாள் என்று நினைப்பாய். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். போன புதன்கிழமை நீ டயாலிசிஸ் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னாம்மா, ஏதோ சொல்ல வந்துட்டு முழுங்கறே" என்று கேட்டாய். தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தண்ணீரை அளந்துதான் தருவார்கள் என்பதுகூட அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது. உன் தாத்தா வீட்டிலும் சரி, உன் நைனா வீட்டிலும் சரி, முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். ஆனாலும் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கப் பட்டம் உதவவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். பெற்றோர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் சாக்பீஸை மேசையில் தேடுகிற மாதிரி திரும்பிக்கொள்வேன். வயது நாற்பதைத் தாண்டியும் அது மாறவில்லை. பேனாவைப் பிடித்தால் மட்டும் கொஞ்சம் தைரியம் வருகிறது. அதனால்தான் இது.

எழுத வைத்தது பியூலாதான், அவளுக்கே தெரியாமல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தாள். உங்கள் கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலை படித்தாகிவிட்டது, சபையில் யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை, உன் பெயரைப் போதகர் ஐயர் வாசித்தபோது பின்வரிசையில் அவளுடைய சித்தி பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னாள். கடைசியில், "அத்தே, கல்யாணத்துக்கு நீங்க இன்னா கலர் பொடவ கட்டறீங்க? எங்கம்மாவும் அதே கலர்ல எடுக்கணும்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்று கேட்டாள். திருச்சானூரில் லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்து டிவியில் மகன் கல்யாணத்தைப் பார்க்கிறவள் எந்தக் கலரில் கட்டினால் என்ன? பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் நேரில் வரப்போவதில்லை என்பதை அவளிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

நிச்சயம் பேசிய அன்று நீ எல்லோர் முன்னாலும் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா சர்ச்சுக்கும் வர வேணாம், ஹாலுக்கும் வர வேணாம். அவ்ளோ ஜனம். லைவ்ல போடறோம், ரூம்ல உக்காந்துகினு பாக்கட்டும்." பியூலா அப்போது உள்ளே காபி கலந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தலையசைத்தார். நைனா என்னைப் பார்த்தார். நானும் தலையசைத்தேன். உன்மேல் கோபம் வரவில்லை, ராஜா. என் மிஷின் நாள் தவறக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வியாழக்கிழமையாக நாள் வைத்தவன் நீ. அந்த லாட்ஜில் ஏசி ஓடுகிறதா, மாடிப்படி எத்தனை என்று நீயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாய் என்று நைனா சொன்னார். இப்படிப் பார்த்துக்கொள்கிற பிள்ளையிடம் எனக்கு அது பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்தோத்திரக் கூட்டத்தில் இருந்து வந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்த வருடம் எனக்கு மஞ்சள் காமாலைக்கான ஊசி போட ஆரம்பித்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிற இடத்தில் அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும் என்பதால் மிஷினுக்கு வருகிற எல்லோருக்கும் அது போட வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று ஊசி என்றால் எங்களுக்கு நான்கு, ஒவ்வொரு முறையும் இரண்டு பங்கு மருந்து. மிஷினுக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்த கையில் எதையும் குத்தக் கூடாது, இன்னொரு கையில்தான். ஆறு மாதம் ஓடி நான்காவது ஊசியும் முடிந்த அன்று நைனாவுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீ பார்த்தாய். அம்மாவுக்கு இனிமேல் பயமில்லை என்று சபை முழுவதும் சொல்லிவிட்டார். நம் சபையில் யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் வீட்டில் கூட்டம் வைக்காமல் விட மாட்டார்கள். வேலை கிடைத்தால் கூட்டம், வண்டி வாங்கினால் கூட்டம். ஊசி முடிந்ததற்கும் ஒரு கூட்டம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் எத்தனை பேர் அடைந்திருந்தார்கள். மழை என்பதால் ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். பாட்டு, ஜெபம், மறுபடி பாட்டு. சபையில் எல்லோருக்கும் அத்தையான ரூபி அத்தை கேசரி செய்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாளாகச் சளி என்று அவர்களே சொன்னார்கள். இருமிக்கொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விட நீளமாக ஜெபம் செய்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அத்தை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஊசி போட்டாயிற்றே என்று என் வாயை நானே அடைத்துக்கொண்டேன். விஞ்ஞானப் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு கிருமிக்கு ஒரு ஊசி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். காமாலை ஊசி இருமலைத் தடுக்காது என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். காமாலையிலிருந்து காத்ததற்கு நன்றி சொல்ல வந்த கூட்டத்தில் ஃப்ளூ காய்ச்சலை வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் ஃப்ளூ ஊசி நான் போட்டிருக்கவில்லை. போடச் சொல்லிச் சீட்டில் எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

அப்புறம் நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். முகத்தில் ஆக்சிஜனோடு நான் கிடந்த அந்த நாட்களில் எனக்குப் பாதி நினைவில்லை. கண் விழித்தபோதெல்லாம் நீ இருந்தாய் என்பது மட்டும் தெரியும். தாடி வளர்ந்து, கம்பெனிச் சட்டையை மாற்றாமல், அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். ரூபி அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் அழுததையும், நீ அவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாததையும் நைனா பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்த அன்றே முன்னறை நாற்காலிகளை நீ மாடிக்கு ஏற்றிவிட்டாய். "நாலு வாட்டி போட்டு இன்னாத்துக்கு ஆச்சு? ஊசியெல்லாம் சும்மாம்மா. யாரும் கிட்ட வராம இருந்தா போதும்" என்றாய். அன்று முதல் அதுதான் வீட்டின் சட்டம்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. எனக்குப் போட்ட ஊசி சும்மா என்று நீ சொன்னது பாதி தப்பு, பாதி சரி. தப்பு என்னவென்றால், அது வேறு கிருமிக்கான ஊசி. சரி என்னவென்றால், அந்தக் காமாலை ஊசியும் முதல் முறை என் உடம்பில் பிடிக்கவில்லை. கடைசி ஊசிக்கு அப்புறம் ரத்தம் எடுத்து, எதிர்க்கும் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பத்து வந்தால் பாஸ். உன்னைப் போன்ற உடம்புக்கு நூறு, இருநூறு, அதற்கு மேலும் சாதாரணமாக வரும். எனக்கு நாலு வந்தது. சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களின் ரத்தத்தில் கழிவு தேங்கித் தேங்கி, கிருமியோடு சண்டை போட வேண்டிய அணுக்களும் சோர்ந்துபோகின்றன என்று டாக்டர் விளக்கினார். ஊசி சொல்லிக்கொடுக்கிற பாடத்தை அவை மெதுவாகத்தான் கற்றுக்கொள்ளும், சீக்கிரம் மறந்தும் போகும்.

அந்த முடிவு வந்த அன்று அடுத்த நாற்காலியில் முனிரத்தினம் அண்ணன் இருந்தார். உனக்குத் தெரியுமே, நாகலாபுரத்திலிருந்து வருகிறவர், மிஷின் ஓடும்போதே நிலக்கடலை விலையைப் பற்றிப் போனில் சண்டை போடுவாரே, அவர். அவருக்கும் அன்றுதான் முடிவு வந்தது. என்னைவிட இருபது வயது பெரியவர். முதல் முறையிலேயே நூறைத் தாண்டிவிட்டது. சீட்டைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா டீச்சரம்மா, கைநாட்டு நானு பாஸு, பட்டம் வாங்கினவங்க நீங்க ஃபெயிலா? உங்க ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லிக் குடுக்கலியா?" வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நர்ஸ் போட்டது. யாருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை அன்றுதான் உள்ளபடி புரிந்துகொண்டேன்.

மறுபடி நான்கு ஊசி போட்டார்கள். மறுபடி அரை வருடம். நீ அப்போது வேண்டாம் என்றாய், நைனாவும் தயங்கினார். நான்தான் பேசாமல் போய்க் கையை நீட்டினேன். இந்த முறை முப்பத்தெட்டு வந்தது. நீ போனில் "அவ்ளோதானா" என்றாய். எனக்கு அது பட்டம் வாங்கிய நாளைவிடச் சந்தோஷமாக இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். இறங்கினால் இன்னொரு ஊசி போடுவார்கள். ஃப்ளூ ஊசியும் போன வருடம் போட்டுக்கொண்டேன், இந்த வருடமும் போட்டுக்கொண்டேன். அதுவும் எங்களுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கிற அளவு பலம் தராது, வந்தாலும் வரலாம். ஆனால் போடாதபோது வந்ததைவிட லேசாக வந்து போக வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். முழுக்கக் காப்பாற்றுமா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்றார்.

இத்தனை வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. நாற்பது மார்க் வாங்கின பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. அது பாடத்தில் கொஞ்சம் கற்றிருக்கிறது, மீதிக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். எங்கள் உடம்பும் அப்படித்தான். எங்கள் ஊசி பாஸ் மார்க் அளவுக்குத்தான் பாதுகாக்கும். மீதியை எங்களைச் சுற்றி இருக்கிறவர்களின் ஊசிதான் தர வேண்டும். உங்கள் உடம்புக்கு அது நன்றாகப் பிடிக்கும். உங்களுக்கு வராவிட்டால் என்னிடம் கொண்டு வந்து தர உங்களிடம் எதுவும் இருக்காது. நம் வார்டில் நர்ஸ்கள் எல்லோரும் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார்கள். பெருக்க வருகிற அம்மாவும் போட்டுக்கொள்கிறார்கள். முனிரத்தினம் அண்ணன் வீட்டில் மகன்கள், மருமகள்கள், எல்லோருக்கும் போட்டாகிவிட்டது. ஒரு மருமகள் மட்டும் முரண்டு பிடித்தாளாம். "ஊசி போடாத கையால கிண்டின களிய நான் துன்ன மாட்டேன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாளு பட்டினி. மூணாம் நாளு அவளே ஆட்டோ ஏறிப் போயி போட்டுக்கினு வந்தா" என்று பெருமையாகச் சொன்னார். பட்டினி இருந்தது இரண்டு நாளா, இரண்டு வேளையா என்று அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீட்டில் எனக்கு ஊசி போட்டிருக்கிறது. நைனா இந்த வருடம் என்னோடு வந்து சத்தம் போடாமல் போட்டுக்கொண்டார். நீ போடவில்லை. எனக்குப் பாதுகாப்பு என்று நீ செய்ததெல்லாம் கதவைச் சாத்தியதுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, ராஜா, அந்தக் கதவு என்னை இதுவரை காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்து பார்த்தால் அது எப்படி இருக்கிறது என்று நீ ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று, காது கேளாதவளிடம் பேசுவது போலக் கத்திப் பேசுகிறார்கள். டியூஷனுக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இப்போது வருவதில்லை. ஆராதனையை நான் போனில்தான் பார்க்கிறேன். நெட் போய்ப் பாட்டு பாதியில் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் சுவரைப் பார்த்து மீதியை நானே பாடி முடிக்கிறேன். ரூபி அத்தை மாதத்துக்கு ஒருமுறை கேட்டில் எதையாவது மாட்டிவிட்டு, பெல் அடிக்காமல் போய்விடுகிறார்கள். மிஷினில் கிடக்கும் நான்கு மணி நேரம்தான் நான் மனிதர்களோடு இருக்கிற நேரம். டயாலிசிஸ் நாளுக்காக ஆவலோடு காத்திருக்கிற நோயாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ வருவதற்கு முன்னால், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, நானே வாயைத் திறந்து கேட்டேன். மகனுக்குக் கல்யாணம், நான் போகலாமா சார் என்று. அதைக் கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பிரஷர் ஏறிவிட்டது என்று நர்ஸ் ஓடி வந்தாள். அவர் சிரித்தார். "போகக் கூடாதுன்னு யாரும்மா சொன்னது? சர்ச்சுக்குப் போங்க. கதவு பக்கமா, காத்தாட உக்காருங்க, மாஸ்க் கழட்டாதீங்க. ஹால்ல கூட்டத்துல போட்டோ, சாப்பாடு இதெல்லாம் வேணாம். வெள்ளிக்கிழமை மிஷினுக்கு மட்டும் டைமுக்கு வந்துடுங்க" என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றைக்கு உங்கள் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள் ஊசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். போட்டு இரண்டு வாரமாவது ஆகியிருந்தால்தான் பலன் தெரியும் என்றார்.

நீ ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியும். ஊசியெல்லாம் சும்மா என்பது நீ வெளியே சொல்கிற காரணம். நீ ஐந்தாவது படிக்கும்போது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட வந்தார்கள். உன்னைக் காணோம். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஹெட்மாஸ்டர் தூக்கிக்கொண்டு வந்தார். மேடம் பிள்ளைக்கே இவ்வளவு பயமா என்று அவர் தெலுங்கில் கேட்டதற்கு நீ, மேடம் பிள்ளையென்றால் வலிக்காதா என்று தெலுங்கிலேயே திருப்பிக் கேட்டாய். வேலைக்குச் சேரும்போது ரத்தம் எடுக்கிற இடத்தில் மயங்கி விழுந்து, பின்னால் நின்றவர்மேல் சாய்ந்ததை பியூலா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் உன்னை நினைத்து எவ்வளவு பிரியமாகச் சிரித்தாள் தெரியுமா? இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என் கையில் வாரத்துக்கு ஆறு முறை தடிமனான ஊசி ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பழகிவிடும் என்று ஆரம்பத்தில் எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை. கையை நீட்டத்தான் பழகியிருக்கிறது.

எனக்கு எந்தக் கெட்டதும் வராது என்று உனக்கு எழுதித் தர என்னால் முடியாது. டாக்டராலும் முடியாது. சர்ச்சில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரலாம், மறுபடி நீ கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியும் வரலாம். அதை நினைத்துப் பார்க்காமல் இதை எழுதவில்லை. இரண்டு இரவு யோசித்தேன். லாட்ஜ் அறையில் இருந்தாலும் எனக்கு எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வருடங்களில் எதை வேண்டுமானாலும் டிவியில் பார்த்துக்கொள்கிறேன். நீ பியூலாவுக்குத் தாலி கட்டுவதை மட்டும் டிவியில் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஹாலுக்கு நான் வரவில்லை. மேடை ஏறவில்லை, யாருக்கும் கை கொடுக்கவில்லை, பிரியாணி வாசனைகூட வேண்டாம். சர்ச்சில் ஒரு மணி நேரம், பக்கவாட்டுக் கதவு ஓரத்தில் ஒரு நாற்காலி, அவ்வளவு போதும். முதல் இரண்டு வரிசையில் இருமல் உள்ளவர்கள் உட்கார வேண்டாம் என்று ஐயரிடம் நானே சொல்கிறேன். இந்த முறை சொல்வேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நான் மிஷினில் இருக்கும்போது, நீ பியூலாவையும் கூட்டிக்கொண்டு கீழே மருந்துக் கடைக்கு எதிர் அறைக்குப் போய், ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டு மேலே வா. பயமாக இருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொள். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சர்ச்சுக்கு எந்தக் கலர் புடவை கட்டி வருகிறேன் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா